வெள்ளநீர்த் தேக்கக் குளத்தைச் சுற்றி எதை, எங்கே நடுவது?

சென்னையைச் சுற்றி எழும் புதிய மனைப்பிரிவுகளிலும் அடுக்ககங்களிலும் தொழிற்பூங்காக்களிலும், கூரைகளிலிருந்தும் சாலைகளிலிருந்தும் ஓடிவரும் மழைநீரைச் சில மணி நேரமோ ஓரிரு நாள்களோ பிடித்துவைத்து மெல்ல வெளியே விடுவதற்கென்று குளங்கள் வெட்டப்படுகின்றன. 2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 49 சென்டிமீட்டர் மழை கொட்டியதைப் பார்த்தவர்களுக்கு இவற்றின் தேவையை விளக்க வேண்டியதில்லை. ஆனால் குளத்தை வெட்டுவதில் காட்டும் கவனத்தில் பாதியைக்கூட அதைச் சுற்றி நடும் செடிகளில் யாரும் காட்டுவதில்லை. நாற்றுப்பண்ணையில் கிடைத்ததைக் கொண்டுவந்து வரிசையாக நட்டுவிடுகிறார்கள். முதல் மழையில் பாதி அழுகுகிறது, அடுத்த கோடையில் மீதி காய்கிறது, வெறும் மண்ணாக நின்ற சரிவு கரைந்து குளத்துக்குள்ளேயே இறங்குகிறது.

இதற்குக் காரணம் எளியது. சென்னையின் ஆண்டு மழையில் பாதிக்கும் மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் பெய்துவிடுகிறது. நவம்பரில் கழுத்தளவு நீரில் நிற்கும் அதே இடம் மே மாதத்தில் வெடித்துக் கிடக்கும். எனவே ஒரு செடியைத் தேர்ந்தெடுக்கும்போது கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு: அது நிற்கப்போகும் இடத்தில் ஆண்டில் எத்தனை நாள் நீர் நிற்கும், எத்தனை மாதம் ஈரமே இருக்காது? அழகு, நிழல், விலை எல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஆகவே நடுவதற்கு முன் நீர்மட்டங்களை அறிந்துகொள்ளுங்கள். குளம் ஏற்கெனவே ஒரு மழைக்காலத்தைக் கண்டிருந்தால், உட்சரிவில் நீர் நின்ற மட்டமெல்லாம் தெரியும்: மெல்லிய வண்டல் படிந்த கோடு, அதற்கு மேலே சருகும் பிளாஸ்டிக் துணுக்குகளும் ஒதுங்கிய இன்னொரு கோடு. முதலாவது நீர் நெடுநேரம் நின்ற மட்டம், இரண்டாவது நீர் ஏறித் தொட்டுவிட்டு இறங்கிய மட்டம். இரண்டிலும் முளைக்குச்சி அடித்துக் கயிறு கட்டிவிட்டால், நடவுத் திட்டத்தில் பெரும்பகுதி அங்கேயே முடிந்துவிடும். புதிய குளமானால் வடிவமைத்த பொறியாளரிடமிருந்து வெளிப்போக்குக் குழாயின் மட்டத்தையும், குளம் நிறைந்தால் மிகைநீர் வழிந்தோடும் கலங்கலின் மட்டத்தையும் கேட்டு வாங்குங்கள்.

முழுவதும் வடியும்படி வடிவமைத்த குளமானால், அதன் அடித்தளம் மழை விட்ட மூன்று நாள்களுக்குள் வடிந்துவிட வேண்டும். கொசு முட்டை பறக்கும் கொசுவாக நம் வெப்பத்தில் ஒரு வாரமே போதும் என்பதால், அதற்கு முன் நீர் வடிவது முக்கியம். அப்படி வடியும் தரைக்கு அருகம்புல்லை மிஞ்சியது எதுவுமில்லை. சில நாள் மூழ்கினாலும் சாகாது, கோடையில் காய்ந்தாலும் கணுவிலிருந்து மீண்டும் துளிர்க்கும். ஈரம் சற்றுக் கூடுதலாக நிற்கும் தாழ்வுகளில் பொடுதலையைப் படரவிடலாம். நம் குளக்கரைகளில் தானாகவே வளரும் இந்தச் செடி தரையோடு தரையாக ஓடி, கணுவுக்குக் கணு வேர் விட்டு மண்ணைப் பிடித்துக்கொள்ளும். இதை யாரும் விலை கொடுத்து வாங்குவதில்லை என்பதாலேயே திட்டப் பட்டியல்களில் இடம் பெறுவதில்லை என்று நினைக்கிறேன். அது பெரும் இழப்பு.

ஆண்டு முழுவதும் கொஞ்சம் நீர் நிற்கும்படி வடிவமைத்த குளமானால், அதன் விளிம்பில் 15 முதல் 45 சென்டிமீட்டர் ஆழமுள்ள ஒரு படியை விட்டு, அதில் கோரையும் நீர்ப்பிரம்மியும் நடலாம். நடுவே அல்லி இருக்கலாம். இந்தப் படி, தவறி விழும் குழந்தைக்குக் கால் ஊன்ற இடம் தரும். கோரைத் தூர்களுக்குள் தாழைக்கோழி வந்து தங்கும். சம்பை மட்டும் நட வேண்டாம். அதன் பஞ்சு விதை காற்றில் பறந்து தானே வந்து சேரும். வந்தால் ஆழமற்ற நீர் முழுவதையும் ஓரிரு ஆண்டுகளில் அடைத்துவிடும். அதைப் பிடுங்குவதைவிட நீர்மட்டத்துக்குக் கீழே தண்டை அறுத்துவிடுவது நல்லது. அறுத்த முனை நீருக்குள்ளேயே இருந்தால் கிழங்குக்குக் காற்று போகாமல் அழுகிவிடும்.

உட்சரிவுதான் இந்த வேலையின் உயிர்நாடி. நீர் ஏறி இறங்கும் அந்தப் பட்டையில் மண் நிற்க வேண்டுமானால் வெட்டிவேரை நடுங்கள். அதன் வேர் பக்கவாட்டில் பரவாமல் இரண்டு மூன்று மீட்டர் நேராகக் கீழே இறங்கும். தென்னிந்திய வகை விதையால் பரவுவதுமில்லை. தூரைப் பிரித்து, மேலே ஒரு சாண் விட்டுத் தோகையை நறுக்கி, வேரையும் நான்கு விரற்கடைக்குக் கத்தரித்து, 10 முதல் 15 சென்டிமீட்டர் இடைவெளியில், சரிவுக்குக் குறுக்காக ஒரே மட்டத்தில் வரிசையாக நட வேண்டும். மட்டம் தவறினால் ஓடும் நீர் தாழ்ந்த இடத்தில் கூடி அங்கே ஓடை பறிக்கும். ஆகவே கண் மதிப்பை நம்பாமல் ரசமட்டக் குழாய் பிடித்துக் கோடு போடுங்கள். ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரத்துக்கு ஒரு வரிசை போதும். இடையில் அருகம்புல் பதியுங்கள். வெட்டிவேருக்கு வெயில் வேண்டும். நிழல் விழுந்தால் தூர் மெலிந்து வரிசையில் இடைவெளி விழும் என்பதால், அதன் தெற்கிலும் மேற்கிலும் அடர்ந்த மரங்களை நெருக்கமாக வைக்காதீர்கள்.

சரிவு மூன்றுக்கு ஒன்றைவிட, அதாவது கிடையாக மூன்றடி போகையில் ஓரடி இறங்குவதைவிட, செங்குத்தாக இருந்தால் செடியால் மட்டும் அதைக் காப்பாற்ற முடியாது. தென்னைநார் வலையை விரித்து, மூங்கில் முளைகளால் அறைந்து, கண்ணிகளுக்குள் நடுங்கள். வலை மக்கிப்போவதற்குள் வேர் அந்தப் பொறுப்பை எடுத்துக்கொள்ளும். குளம் தோண்டும்போது மேல்மண்ணைத் தனியே குவித்துவைத்து, சரிவை வடித்த பிறகு ஒரு சாண் கனத்துக்குத் திரும்பப் பரப்பச் சொல்லுங்கள். ஆழத்திலிருந்து வந்த களிமண்ணில் நேரடியாக நட்டுவிட்டு உரத்தைக் கொட்டுவது வீண். அந்த உரம் மழையில் குளத்துக்குள் இறங்கி ஆகாயத்தாமரைக்கே உணவாகும்.

மண்ணைக் கொட்டி எழுப்பிய கரை இருந்தால், அதன் மீது மரமே கூடாது. இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம். மரம் நிற்கும்வரை வேர் மண்ணைப் பிடித்திருப்பதாகத்தான் தோன்றும். ஆனால் அது பட்டுப்போனால் வேர் மக்கி, கரைக்குள் விரல் பருமனில் குழாய் போன்ற ஓட்டைகள் உண்டாகும். குளம் நிறையும்போது வெளிச்சரிவின் அடியில் முதலில் ஈரம் கசியும், பிறகு தெளிந்த நீர் ஊறும். அது கலங்கலாக வரத் தொடங்கினால் கரையின் மண் உள்ளேயே அரிபடுகிறது என்று பொருள். ஏரிக்கரைகளில் நம் முன்னோர் பனை நட்டார்களே என்று கேட்பவர்கள் உண்டு. வண்டி போகுமளவு அகலமான பழைய ஏரிக்கரை வேறு, மேலே இரண்டு மீட்டர்கூட இல்லாத இந்தக் கரை வேறு. கரைக்கு அருகம்புல்லும் வெட்டிவேரும் போதும். மரங்களைக் கரையின் அடியிலிருந்து குறைந்தது 5 மீட்டரும், வெளிப்போக்கு அமைப்பிலிருந்து 8 மீட்டரும் தள்ளி நடுங்கள்.

அந்தத் தூரத்துக்கு அப்பால் மரங்களுக்குக் குறைவில்லை. எப்போதாவது நீர் வந்து தொடும் தாழ்ந்த தரையில் நீர்மருது, நாவல், புங்கம் ஆகியவை நன்றாக வரும். வாரக்கணக்கில் நீர் நிற்கும் மூலைக்குச் செங்கடம்பு ஏற்றது. மேட்டு நிலத்துக்கு இலுப்பையும் பூவரசும் வேம்பும். கடலோர மணலில் பூவரசும் புங்கமும் மற்றவற்றைவிட நம்பகமானவை. எல்லையோரம் பனை வேண்டுமென்றால் கன்றைத் தேடாமல், கொட்டைகளை ஆகஸ்ட், செப்டம்பரில் நிற்க வேண்டிய இடத்திலேயே ஊன்றுங்கள். பனை இடம் மாற்றி நடுவதை எளிதில் தாங்காது. ஆனால் குளத்தைச் சுற்றிலும் மரங்களால் அடைத்துவிடாதீர்கள். வண்டல் எடுக்கப் பொக்லைன் இறங்குவதற்கு, மூன்று மீட்டர் அகலத்தில் புல் மட்டும் உள்ள ஒரு வழி என்றும் திறந்திருக்க வேண்டும்.

நீர் உள்ளே வரும் வாயில் வேகம் அதிகம். அங்கே கருங்கல் பரப்பி, கல் முடியும் இடத்தில் வெட்டிவேரை இரட்டை வரிசையாக நட்டால் வண்டலில் பெரும்பகுதி அங்கேயே தங்கும், அள்ளுவதும் எளிது. வெளிப்போக்கு வலையைச் சுற்றி மட்டும் தாழ்ந்த புல்லைத் தவிர வேறு எதையும் வளரவிடக் கூடாது.

நடவுக்கு ஏற்ற காலம் ஜூலை, ஆகஸ்ட். தென்மேற்குப் பருவத்தின் மாலை மழையும் கொஞ்சம் கைநீரும் சேர்ந்தால், அக்டோபர் பெருமழைக்கு முன் வேர் பிடித்துவிடும். செப்டம்பர் கடைசியில் அவசரமாக நட்டது அடித்துக்கொண்டு போகும். தாமதமாகிவிட்டால் ஜனவரிவரை பொறுத்திருந்து, நீர் வடிய வடிய அதன் விளிம்பைத் தொடர்ந்து நடுவது மேல். ஆனால் அப்படி நட்டவற்றுக்கு முதல் கோடை முழுவதும் தண்ணீர் ஊற்றியாக வேண்டும்.

முதல் இரண்டு ஆண்டுகள் களையெடுப்பில்தான் வெற்றி இருக்கிறது. சீமைக் கருவேலத்தை வெட்டினால் துளிர்க்கும். முழங்கால் உயரத்துக்குள் வேரோடு தோண்டிவிடுங்கள். நெய்வேலிக் காட்டாமணக்கின் ஒரு துண்டுத் தண்டு ஈரத்தில் கிடந்தாலும் வேர்விடும் என்பதால், பிடுங்கியதை மேட்டில் போட்டு முற்றிலும் காயவிட வேண்டும். வெட்டிவேர்த் தோகையை ஆண்டுக்கு ஒருமுறை, மழைக்கு முன், முழங்கால் உயரத்துக்கு அறுத்தால் தூர் கட்டும். அறுத்ததைச் சரிவிலேயே போட்டுவிடாமல் வெளியே கொண்டுபோங்கள்; அது மரங்களின் அடியில் மூடாக்காகப் பயன்படும், குளத்தில் விழுந்தாலோ வெளிப்போக்கு வலையை அடைக்கும்.