தேன்மெழுகில் எலுமிச்சம்பழம் வரைதல்: தொடக்கநிலையாளருக்கான செய்முறை

உருக்கிய தேன்மெழுகில் நிறமியைக் கலந்து தீட்டும் என்காஸ்டிக் முறை மிகப் பழையது. எகிப்தின் ஃபயூம் பகுதியில் கி.பி. முதல் மூன்று நூற்றாண்டுகளில் மம்மிகளின் முகப்பில் பொருத்தப்பட்ட உருவப்படங்களுள் பல இம்முறையில் தீட்டப்பட்டவை. ஒளி புகும் மெல்லிய படலங்களாக வண்ணம் ஏறுவதால், பழத்தோலின் ஒளிர்வைக் காட்ட இதைவிடப் பொருத்தமான ஊடகம் இல்லை என்பது என் கருத்து.

எடையில் எட்டுப் பங்கு தேன்மெழுகுக்கு ஒரு பங்கு டாமர் என்னும் மரப்பிசினைச் சேர்த்து, மெல்லிய சூட்டில் உருக்கித் துணியில் வடிகட்டுங்கள். பிசின்தான் மெழுகுக்கு உறுதி தருகிறது. மெழுகு 62 முதல் 65 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். தீட்டும்போது 80 முதல் 95 டிகிரி வரை போதும். புகை எழுந்தால் சூடு மிகுந்துவிட்டது என்று பொருள். சன்னல்களைத் திறந்து வையுங்கள். மெழுகு தீப்பற்றினால் ஒருபோதும் தண்ணீர் ஊற்றாமல், மூடியால் மூடி அணையுங்கள்.

ஓவியத் துணி (கேன்வாஸ்) வளைந்தால் மெழுகில் விரிசல் விழும் என்பதால், எதுவும் பூசாத ஒட்டுப்பலகையே ஏற்றது. செயற்கை இழைத் தூரிகைகள் சூட்டில் உருகக்கூடும். இயற்கை மயிர்த் தூரிகைகளை, நிறத்துக்கு ஒன்றாக வைத்துக்கொள்ளுங்கள். பலகையைச் சற்றே சூடாக்கி, நிறமற்ற மெழுகை இருமுறை பூசிய பின், பழத்தின் நிழலையும் அதன் மேல் வெளிர்மஞ்சளையும் தீட்டுங்கள்.

ஒவ்வொரு படலத்தையும் வெப்பக்காற்றை ஊதும் கருவியான ஹீட் கன்னால் சூடாக்கி, கீழுள்ள படலத்தோடு இணைப்பதே இக்கலையின் உயிர்நாடி. இணையாத படலம் பின்னாளில் பெயர்ந்து வந்துவிடும். வெப்பக்காற்றை ஓரிடத்தில் நிறுத்தாமல் நகர்த்திக்கொண்டே கவனித்தால், மங்கிக் கிடந்த பரப்பு திடீரென நனைந்ததுபோல் மினுங்குவது தெரியும். அந்தக் கணத்தில் அடுத்த இடத்துக்கு நகர்ந்துவிட வேண்டும். தாமதித்தால் மஞ்சள் நிழலுக்குள் வழிந்து, பழத்தின் விளிம்பு கலைந்துவிடும். கலைந்த விளிம்பை, மெழுகு ஆறிய பின் கூரிய கத்தியால் சுரண்டித் திருத்தலாம். எண்ணெய் வண்ணத்தைப்போல் உலர நாள்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை.

தோலின் நுண்குழிகளுக்கு, மெழுகு இறுகத் தொடங்கும் தறுவாயில் தூரிகை நுனியால் புள்ளி புள்ளியாக ஒற்றி, மிக இலேசாக மட்டுமே சூடு காட்டுங்கள். பழத்தின் மேல் விழும் வெள்ளொளியை இறுதியில் வையுங்கள்.

முடிந்த ஓவியத்தின் மேல் சில வாரங்களில் வெண்மையான மங்கல் படரலாம். மென்மையான பருத்தித் துணியால் தேய்த்தால் பளபளப்பு மீளும். நேரடி வெயிலில் மட்டும் அதை வைக்காதீர்கள்.