இறால் தீவனத்தில் பூண்டும் கொய்யா இலையும் கலப்பது எப்படி?

வேதாரண்யம் பக்கம் எங்களுக்கு வெனாமி இறால் குளங்கள் உண்டு. ஏரேட்டர், தண்ணீர் எல்லாம் தம்பி பொறுப்பு. தீவனம் கலப்பது என் கையில்.

பூண்டும் கொய்யா இலையும், இறாலுக்கு நோய் தரும் விப்ரியோ பாக்டீரியாவை அடக்கி வைக்கத்தான். இறால் கரையோரம் வந்து செத்து ஒதுங்க ஆரம்பித்த பிறகு எத்தனை கிலோ அரைத்தாலும் பயனில்லை. நோய் கண்ட இறால் முதலில் தீனியைத்தான் விடும், அப்புறம் மருந்து எப்படி உள்ளே போகும்? வெள்ளைப்புள்ளி வைரஸ் நோய், அதற்கும் இதை நம்ப வேண்டாம்.

10 கிலோ தீவனத்துக்கு 150 கிராம் உரித்த பூண்டு எடுத்துக்கொள்கிறேன். தண்ணீர் அதிகம் விடாமல் அரைத்து, 10 நிமிடம் அப்படியே விட வேண்டும். பூண்டு நசுங்கிய பிறகுதான் அதில் அல்லிசின் உண்டாகிறது. பாக்டீரியாவைத் தாக்குவது அதுதான். அடுப்பில் காட்டினால் போச்சு. கொய்யா இலைக்குச் சூடு பரவாயில்லை. நிழலில் காய்ந்த இலையை இடித்துச் சலித்து, 50 கிராம் தூளை வெந்நீரில் ஊறவைத்து, நன்றாக ஆறியதும் வடிகட்டிப் பூண்டு விழுதோடு சேர்ப்பேன். நாலைந்து முட்டையின் வெள்ளைக்கருவையும் அடித்து ஊற்றினால் மருந்து தீவனத்தில் ஒட்டும். எல்லாம் சேர்ந்து முக்கால் லிட்டரைத் தாண்டக்கூடாது, தாண்டினால் குருணை ஊறிக் குழைந்துவிடும்.

பிசறியதைத் தார்ப்பாயில் பரப்பி நிழலில் உலர்த்துங்கள். பிறகு ஒரு பிடி எடுத்து, டம்ளரில் குளத்துத் தண்ணீர் பிடித்துப் போட்டுப் பாருங்கள். சட்டென்று தண்ணீர் நிறம் மாறினால் மருந்து இறாலுக்குப் போகாது, குளத்துக்குத்தான் போகும். இன்னும் கொஞ்சம் வெள்ளைக்கரு பூசி மறுபடி உலர்த்த வேண்டியதுதான். கலந்ததை அன்றே போட்டுவிடுங்கள், வைத்தால் பூஞ்சை பிடிக்கும்.

நாளுக்கு ஒரு வேளை போதும், வாரத்தில் 5 நாள். புரோபயாடிக் கொடுப்பவர்கள் அதை வேறு வேளைக்கு மாற்றுங்கள். பூண்டுக்கு நல்ல பாக்டீரியா, கெட்ட பாக்டீரியா என்ற பாகுபாடு கிடையாது. செக் ட்ரேயில் (இறால் தீனி தின்கிறதா என்று பார்க்கக் குளத்தில் இறக்கும் தட்டு) மிச்சம் கிடந்தால் வாடை பிடிக்கவில்லை என்று அர்த்தம், அளவைப் பாதியாக்குங்கள்.

வேம்பும் மூலிகைதானே என்று கேட்பார்கள். அதிலுள்ள அசாடிராக்டின் பூச்சிகள் தோலுரிப்பதைக் கெடுக்கும். இறாலும் தோலுரித்து வளரும் உயிர், அதனால் எங்கள் குளத்துப் பக்கம் வேப்பெண்ணெயை விடுவதில்லை.

தினமும் ட்ரேயைத் தூக்கும்போது நாலு இறாலைக் கையில் எடுத்துப் பாருங்கள். குடல் வெறுமையாக இருந்தாலோ, தலைக்குள் இருக்கும் கல்லீரல்-கணையம் என்ற செரிமான உறுப்பு வெளுத்திருந்தாலோ, ஓடு தொளதொளத்தாலோ அரைப்பதை நிறுத்தித் தீவனத்தைக் குறையுங்கள். அடிச் சேற்றைப் பாருங்கள், தின்னாத தீவனம் அழுகும் இடத்தில்தான் விப்ரியோ பெருகும். தண்ணீரையும் இறாலையும் அன்றே லேபுக்கு அனுப்புங்கள். லேபில் விப்ரியோவை வளர்த்துப் பார்க்கும் தட்டில் பாக்டீரியா பச்சை, மஞ்சள் புள்ளிகளாக வளரும். பச்சைப் புள்ளி ஏறுகிறதா என்பதைத்தான் முதலில் கேட்போம், ஆனால் மஞ்சள் எல்லாமே சாது என்றும் சொல்ல முடியாது.

அந்தப் பதற்றத்தில் யாராவது ஆன்டிபயாடிக் பொட்டலத்தை நீட்டுவார்கள். குளோரம்பெனிகால், நைட்ரோஃபுரான் எல்லாம் தடை செய்யப்பட்டவை. ஏற்றுமதிச் சோதனையில் எச்சம் அகப்பட்டால் சரக்கையே திருப்பிவிடுவார்கள்.