ஆன்லைன் செல்லர்கள் விலகாமல் இருக்க நான் செய்தது

எங்கள் செம்பருத்தி எண்ணெயை ஆன்லைனில் விற்க வந்த செல்லர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். எல்லோரிடமும் ஒரே பாட்டில். போட்டி போட்டு விலையைக் குறைத்ததில் யாருக்கும் லாபம் நிற்கவில்லை. அதனால் சரக்கைப் பிரித்தேன்: ஒருவருக்கு 100 மி.லி., இன்னொருவருக்கு 200 மி.லி.யோடு சீயக்காய்த்தூள் காம்போ.

அதைவிடப் பெரிய தலைவலி ரிட்டர்ன். மூடி கசிந்து அட்டைப்பெட்டி எண்ணெயில் ஊறினால் நஷ்டம் செல்லர் தலையில்தான். மூடிக்குள் அலுமினியத் தாள் வைத்து, இண்டக்‌ஷன் மெஷினில் பாட்டில் வாயோடு ஒட்டவைத்தோம். ஒவ்வொரு பேட்சிலும் சில பாட்டில்களைச் செய்தித்தாள் மேல் ராத்திரி முழுக்கக் கவிழ்த்து வைத்துப் பார்ப்போம். கசிவு நின்றது, போனவர்களில் சிலர் திரும்பவும் வந்தார்கள்.

அப்புறம், 2023 அக்டோபரிலிருந்து ஆன்லைன் தளங்கள் வழியாக மாநிலத்துக்குள் மட்டும் விற்கும் சிறு வியாபாரிகளுக்கு ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை. அதற்குப் பதிலாக ஜிஎஸ்டி இணையதளத்தில் என்ரோல்மென்ட் எண் ஒன்று வாங்கினால் போதும். வீட்டிலிருந்து தொடங்கும் பெண்களிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.