காருக்கு இரண்டாவது பாலிஷ் மெஷின் வாங்கும் முன்

என் கார் கறுப்பு நிறம். மாலை 4 மணிக்குச் சாய்ந்த வெயில் பானட்டில் விழுந்தால் சிலந்தி வலை விரித்ததுபோல் சுழல் கீறல்கள் தெரியும். அவற்றை எடுக்க முதலில் 8 மில்லிமீட்டர் வீச்சுள்ள (பேடு வட்டமடிக்கும் வட்டத்தின் விட்டம்), 6 அங்குலப் பிளேட் (தேய்க்கும் ஃபோம் பேடு ஒட்டும் தட்டு) கொண்ட மலிவான டூயல் ஆக்‌ஷன் மெஷின் ஒன்றை வாங்கினேன். இரண்டு வருடம் அதோடு மல்லுக்கட்டினேன். பானட்டும் கூரையும் ஓரளவு தெளிந்தன. கதவின் வளைவும் பின்பம்பரும் அப்படியே இருந்தன. இதைவிட வலுவான மெஷின்தான் வழி என்று முடிவு செய்து கடைகளில் விசாரிக்கத் தொடங்கினேன். எல்லாரும் வாட் கணக்குச் சொன்னார்கள். அந்தக் கணக்கை நம்பி நான் இழந்த நாட்களை நீங்களும் இழக்க வேண்டாம்.

கழுவுவது, களிமண் கட்டி தேய்ப்பது, ரப்பர் விளிம்புகளில் டேப் ஒட்டுவது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டு நேராக மெஷினுக்கு வருகிறேன்.

படி 1: இப்போதுள்ள மெஷினில் ஒரு கோடு போடுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள். பேடு ஒட்டும் பிளேட்டின் பக்கவாட்டில், வெளியிலிருந்து பார்த்தால் தெரிகிற இடத்தில், பெர்மனென்ட் மார்க்கரால் தடிமனாக ஒரு கோடு போடுங்கள். பிறகு சமதளமான பானட்டில் கொஞ்சம் காம்பவுண்டு (கீறலை எடுக்கும் பாலிஷ் பசை) வைத்து, 6 வரை உள்ள வேகத்தில் 5-ஐ வைத்து ஓட்டுங்கள். கோடு சுற்றிக்கொண்டே இருக்கும். அப்படியே மெஷினைக் கதவின் வளைவுக்குக் கொண்டுபோங்கள். என் மெஷினில் கோடு அங்கே அசையாமல் நின்றது. மோட்டார் ஓடுகிறது, கை அதிர்கிறது, சத்தம் வருகிறது, ஆனால் பேடு சுற்றவில்லை. இரண்டு வருடம் கதவில் நான் செய்தது வெறும் அதிர்வுதான் என்பது அன்றைக்குத்தான் புரிந்தது.

ஏன் இப்படி? டூயல் ஆக்‌ஷன் மெஷினில் பேடுக்கு இரண்டு அசைவுகள் உண்டு. ஒன்று, மையத்திலிருந்து சற்று விலகிய அச்சில் வட்டமடிப்பது. இதை மோட்டார் கட்டாயமாகச் செய்கிறது. இன்னொன்று, பேடு தன்னைத்தானே சுற்றிக்கொள்வது. சாதாரண டூயல் ஆக்‌ஷனில் பிளேட் ஒரு பேரிங்கில் சும்மா உட்கார்ந்திருக்கிறது. வட்டமடிக்கும் வேகத்தில் அதுவும் சேர்ந்து சுற்றுகிறது, அவ்வளவுதான். அழுத்தினாலோ, வளைவில் பேடின் ஒரு பக்கம் மட்டும் பதிந்தாலோ அந்தச் சுற்று நின்றுபோகும். கீறலை வெட்டி எடுக்கும் வேலையில் பெரும்பகுதி சுற்றும்போதுதான் நடக்கிறது. சுற்று நின்ற பிறகும் அதே இடத்தில் அதிர்ந்துகொண்டிருந்தால் சூடு பேடின் நடுவில் தேங்கி, ஒட்டும் பட்டையே கழன்றுவிடும். எனக்கு இரண்டு பேடுகள் அப்படிப் போயின. பேடு தரமில்லை என்று அப்போது நினைத்திருந்தேன்.

படி 2: முதலில் பேடை மாற்றிப் பாருங்கள்

புதிய மெஷினுக்குப் பணம் எடுத்துவைப்பதற்கு முன் ஒரு சின்னச் செலவு. உங்கள் மெஷின் ஏற்கும் என்றால் 6 அங்குலப் பிளேட்டைக் கழற்றிவிட்டு 5 அங்குலப் பிளேட், அதற்கு 5½ அங்குலப் பேடு போடுங்கள். பேடு பிளேட்டைவிடக் கொஞ்சம் பெரிதாகத்தான் இருக்க வேண்டும். சமமாக இருந்தால் பிளேட்டின் விளிம்பு பெயின்ட்டில் இடிக்கும். பேடு மெல்லியதாக இருக்கட்டும். தடித்த ஃபோம் பேடு மெஷினின் அசைவைத் தானே குடித்துவிடுகிறது. பெயின்ட்டுக்குப் போய்ச் சேருவது மிச்சம்தான்.

இதைச் செய்ததும் என் பழைய மெஷினிலேயே கதவின் மேல்பாதியில் கோடு சுற்ற ஆரம்பித்தது. உங்களுக்கு இதுவே போதும் என்றால் பணத்தை மிச்சம் பிடியுங்கள். எனக்குப் போதவில்லை, பம்பர் இன்னும் அடங்கவில்லை.

படி 3: எந்த வகை என்று முடிவு செய்யுங்கள்

வீட்டில் சொந்தக் காருக்கு மட்டும் செய்பவர் ரோட்டரியைத் தொட வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ரோட்டரி ஒரே அச்சில் சுற்றுவது. பட்டறைகளில் வேகமாக வேலை முடிவது அதனால்தான். ஆனால் அதே காரணத்தால் ஒரே இடத்தில் சூடும் குவியும். பெயின்ட்டின் மேலே இருக்கும் கிளியர் கோட் பொதுவாக 35 முதல் 50 மைக்ரான். நாம் அச்சடிக்கும் ஏ4 தாளே சுமார் 100 மைக்ரான் தடிமன். தாளில் பாதியைத் தாண்டாத ஒரு படலத்தின் மேல், கதவின் கூர்மையான மடிப்பில், ரோட்டரி ஒரு கணம் அதிகம் நின்றால் அடியில் உள்ள நிறம் தெரிந்துவிடும். அதற்குப் பிறகு பெயின்ட் அடிப்பதைத் தவிர வழியில்லை.

மிச்சமிருப்பவை இரண்டு. ஒன்று, வீச்சு அதிகமான டூயல் ஆக்‌ஷன். பழையவற்றில் 8 மில்லிமீட்டர். புதியவற்றில் 15, 21 என்று போகிறது. இத்தாலியின் ரூபெஸ் இந்த இரண்டு வீச்சுகளிலும் மெஷின்கள் செய்கிறது, இப்போது அதைப் பின்பற்றிப் பல நாட்டுத் தயாரிப்புகள் வந்துவிட்டன. வீச்சு கூடினால் ஒரே நேரத்தில் அதிகப் பரப்பு முடியும், வெட்டும் திறனும் கூடும். ஆனால் 21 மில்லிமீட்டர் மெஷின் பெரும்பாலும் 6 அங்குலப் பிளேட்டோடு வரும். வளைவிலும் விளிம்பிலும் அது இன்னும் சீக்கிரம் நின்றுபோகும். அகன்ற, தட்டையான பக்கங்கள் உள்ள பெரிய எஸ்யூவிக்கு 21 அருமை. என்னுடையதைப் போன்ற சிறிய காருக்கு 5 அங்குலப் பிளேட்டுடன் கூடிய 15-தான் என் தேர்வு. அதைத்தான் வாங்கினேன், வருத்தமில்லை.

மற்றொன்று, பல்சக்கரத்தால் கட்டாயமாகச் சுற்றும் வகை. ஜெர்மனியின் ஃப்ளெக்ஸ் எக்ஸ்சி 3401 இதில் பெயர் பெற்றது. இதில் கோடு நிற்கவே நிற்காது. எவ்வளவு அழுத்தினாலும் சுற்றும். பிடிவாதமான கீறலுக்கு இது நல்லது. ஆனால் மெஷின் கையிலிருந்து நழுவி ஒரு பக்கமாக ஓடப் பார்க்கும், அதிர்வும் சூடும் அதிகம். நண்பரின் மெஷினை ஒரு ஞாயிறு முழுக்க ஓட்டிப் பார்த்தேன். மறுநாள் மணிக்கட்டு வலித்தது. முதல் மேம்பாட்டுக்கு இது வேண்டாம், இரண்டாவதாக வாங்கலாம்.

வாட் பற்றி ஒரு வார்த்தை. ரூபெஸின் 15, 21 வீச்சு மெஷின்களின் மார்க் 2 வடிவங்கள் இரண்டுமே 500 வாட். பெட்டியில் 900 வாட் என்று அச்சடித்த மலிவான மெஷின்கள் அவற்றின் பக்கத்தில்கூட வருவதில்லை. கடைக்காரர் வாட் பேசினால், வீச்சு எத்தனை, பிளேட் எத்தனை அங்குலம், கார்பன் பிரஷ் (மோட்டாருக்குள் மின்சாரத்தைக் கடத்தும், தேயக்கூடிய துண்டு) தேய்ந்தால் இங்கே கிடைக்குமா என்று மூன்று கேள்விகள் கேளுங்கள். மூன்றாவது கேள்வி மிக முக்கியம்.

படி 4: வந்த மெஷினைச் சோதியுங்கள்

நிழலில், கை வைத்தால் பானட் குளிர்ந்திருக்கும்போது செய்யுங்கள். நம் ஊர் வெயிலில் காம்பவுண்டு பரப்பிய உடனே காய்ந்து மாவாகிவிடும். 2 அடிக்கு 2 அடி கட்டம், அதன் நடுவில் ஒரு டேப். டேப்பின் ஒரு பக்கம் மட்டும், மெல்லக் கை நகர்த்தி, குறுக்கும் நெடுக்குமாக 4 முதல் 6 முறை ஓட்டுங்கள். மெஷினின் எடையோடு லேசான அழுத்தம் போதும். பேடைப் பெயின்ட்டில் வைத்த பிறகே சுவிட்சைப் போட வேண்டும், நிறுத்திய பிறகே எடுக்க வேண்டும். ஒயரைத் தோளுக்கு மேல் போட்டுக்கொள்ளுங்கள்; தரையில் கிடந்து மண் பிடித்த ஒயர் கதவில் உரசினால் புதிய கீறல் வரும். முடிந்ததும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலைத் தண்ணீரில் கலந்து துடைத்துவிட்டு டார்ச் அடியுங்கள். காம்பவுண்டில் உள்ள எண்ணெய் கீறலை மறைத்துக் காட்டும் என்பதால் துடைக்காமல் மதிப்பிட வேண்டாம்.

பழைய மெஷினில் மூன்று மணி நேரமாகியும் தெளியாத பம்பர் மூலை, 15 வீச்சு மெஷினில் நாற்பது நிமிடத்தில் தெளிந்தது. ஆனால் அதற்கும் கோட்டைப் பார்த்துக்கொண்டேதான் ஓட்டினேன். கோடு மந்தமானால் அழுத்தத்தைக் குறைப்பேன், மெஷினின் சாய்வைத் திருத்துவேன்.

பிற்சேர்க்கை 1: இதைப் படித்துவிட்டு 6 அங்குலப் பிளேட்டை 5 அங்குலமாக மாற்றிய ஒருவர், மெஷின் முன்பைவிடப் பயங்கரமாக அதிர்கிறது என்று எழுதியிருந்தார். நான் சொல்லாமல் விட்டது என் தவறு. மெஷினுக்குள் ஒரு எதிர் எடை இருக்கிறது, அது பிளேட், பேடு இரண்டின் எடைக்குச் சமமாக அமைக்கப்பட்டது. சில மெஷின்களில் எதிர் எடையையும் மாற்றலாம், சிலவற்றில் முடியாது. முடியாவிட்டால் அந்த மெஷினுக்கென்றே விற்கும் 5 அங்குலப் பிளேட்டை மட்டும் வாங்குங்கள்.

பிற்சேர்க்கை 2: அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்த மெஷினை இங்கே நேராகப் பிளக்கில் செருகலாமா என்று இருவர் கேட்டார்கள். செருகாதீர்கள். அங்கே 120 வோல்ட், இங்கே 230. கார்பன் பிரஷ் மோட்டாருக்கு 50, 60 ஹெர்ட்ஸ் வேறுபாடு பொருட்டல்ல, ஆனால் இரு மடங்கு வோல்ட்டேஜ் அதை எரித்துவிடும். வோல்ட்டேஜைக் குறைக்கும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம் வேண்டும், அதுவும் மெஷினின் வாட்டைப்போல் இரு மடங்கு தாங்குவதாக. பயணத்துக்கு விற்கும் கையடக்க மாற்றிகள் இந்த வேலைக்கு உதவாது. டிரான்ஸ்ஃபார்மரின் விலையையும் அதைத் தூக்கிக்கொண்டு காரைச் சுற்றிவரும் சிரமத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்ட பிறகு, அவர்களில் ஒருவர் இங்கேயே 230 வோல்ட் மெஷினாக வாங்கிக்கொண்டார்.