பிரேசில் தோட்டத்தை அப்படியே கொழும்பில் நடலாமா?

பிரேசிலின் தோட்ட வடிவமைப்பாளர் ரொபேர்ட்டோ பூர்லே மார்க்ஸின் தோட்டப் படங்களைப் பார்த்துவிட்டு வீட்டு வளவை மாற்றக் கிளம்புகிறவர்கள், முதல் வேலையாக அவர் நட்ட செடிகளையே தேடி நேர்சரிக்குப் போகிறார்கள். ஹெலிக்கோனியா, புரோமீலியாட், ஃபிலோடெண்ட்ரன். அவருக்கு அவை சொந்தக் காட்டுச் செடிகள், நமக்கு இறக்குமதி. ஐரோப்பியப் பாணித் தோட்டங்களையே பெருமையாக நினைத்த பிரேசிலில் வளர்ந்தவர், 1928இல் பெர்லின் தாவரவியல் பூங்காவின் கண்ணாடிக் கூடத்தில்தான் தன் நாட்டுச் செடிகளின் அழகைக் கண்டுகொண்டார். செடிப் பட்டியலை விட்டுவிட்டு அந்தப் பார்வையை எடுத்துக்கொள்ளுங்கள்.

அதிலும் புரோமீலியாட்டின் இலையடியில் மழைத்தண்ணீர் தேங்கி நிற்கும். டெங்கு நுளம்புக்கு அவ்வளவு போதும். பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து இலையை விலக்கிப் பார்க்கும்போது நவீனக் கலை பற்றி விளக்கம் சொல்லித் தப்ப முடியாது.

அடுத்தது, எல்லாவற்றிலும் ஒவ்வொன்று வாங்குவது. பத்துப் பேர்ச் காணிக்குள் முப்பது வகை நட்டால் அது நேர்சரியின் கிளை மாதிரித்தான் இருக்கும். பூர்லே மார்க்ஸ் ஓவியர். ஒரே செடியைப் பெரிய திட்டாக நட்டு, அந்த நிறம் முடிகிற இடத்தில் அடுத்த நிறத்தைத் தொடங்குவார். அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்று நம்மவர்கள் சும்மா சொல்லவில்லை. அந்த அடம்பனையே எடுங்கள்: கணுவுக்குக் கணு வேர்விட்டு, ஆட்டுக்குளம்பு போன்ற இலைகளால் மணலை மூடும், காலையில் ஊதாப் பூ. வெள்ளவத்தைக் கடற்கரைப் பக்க வீட்டில் ஹெலிக்கோனியா இலை உப்புக்காற்றில் கருகும்போது இது அசையாது. பின்னால் தாழையை வரிசையாக விடலாம். அதன் முள் விளிம்பு பொல்லாதது, நடைபாதையிலிருந்து தள்ளியே நடுங்கள். உள்பக்கமாக ஐந்தடி அகலத்துக்கு வெட்சி மட்டும். சின்னக் காணிக்கு நாலு வகை தாராளம்.

ஊர் நினைவில் பாலை மரம் நடுகிறவர்களும் உண்டு. மனசு புரிகிறது. ஆனால் அது வரண்ட வலய மரம். கொழும்பில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீற்றர் மழை, யாழ்ப்பாணத்தில் கிட்டத்தட்ட அதில் பாதிதான். இலங்கைச் செடி என்பதற்காக எல்லாம் எல்லா மண்ணுக்கும் ஒத்துவராது. மருதும் அப்படித்தான், ஆற்றோரத்துப் பெருமரம். மதிலும் கானும் நெருங்கிய வளவுக்குள் வேண்டாம்.

சரி, நாட்டுச் செடி தவிர வேறெதுவும் கூடாதா? அந்தப் பிடிவாதமும் தேவையில்லை. பெந்தோட்டைக்குப் பக்கத்தில் கட்டடக்கலைஞர் ஜெஃப்ரி பாவா 1948இல் தொடங்கிய லுனுகங்கா தோட்டத்தில் கண்ணை இழுப்பது ஈழத்தலரி; சிங்களத்தில் அரலிய. அதன் பூர்வீகம் அமெரிக்க வெப்பமண்டலம்.

சிங்கராஜ மழைக்காட்டுப் பக்கம் போய்வரும்போது கன்று பிடுங்கி வருவதை மட்டும் விட்டுவிடுங்கள். அது சட்டப்படி குற்றம், பிடுங்கியது பெரும்பாலும் பிழைப்பதுமில்லை. வேண்டியதை நேர்சரியில் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். ஒரே வகையில் ஐம்பது கன்று கேட்டால் உடனே கிடைக்காது. மே மாத மழைக்கு நட நினைப்பவர்கள் தைப்பொங்கலோடு கேட்டுவைப்பது நல்லது.