கரண்ட் போனால் தண்ணீர் எங்கே போகும்? கடல்நீர்த் தொட்டிக்கு சம்ப் வைக்கும் முறை

சம்ப் என்றதும் வாசலில் குழி தோண்டிக் கட்டுகிற தொட்டிதான் நினைவுக்கு வரும். நான் கூப்பிட்ட பிளம்பரே "மாடியில எங்க சார் தோண்டுறது?" என்று கேட்டார். இது மீன் தொட்டிக்கு அடியில், ஸ்டாண்டுக்குள் உட்காரும் இரண்டாவது கண்ணாடித் தொட்டி. மேலிருந்து தண்ணீர் வழிந்து இறங்கும், இங்கே சுத்தமாகும், மோட்டார் மறுபடி மேலே ஏற்றும். மொத்தத் தண்ணீர் கூடுவதால் உப்பும் வெப்பமும் சட்டென்று ஏறி இறங்காது. காற்றுக்குமிழால் அழுக்கைப் பிரிக்கும் ஸ்கிம்மர், ஹீட்டர் எல்லாம் கண்ணில் படாமல் ஒளிந்துகொள்ளும்.

நான் 2 அடித் தொட்டியிலிருந்து 3 அடிக்கு மாறினேன். அகலமும் உயரமும் ஒன்றரை அடி, ஏறக்குறைய 190 லிட்டர். சம்ப் 2 அடிக்கு 1 அடி, உயரம் 15 அங்குலம். கண்ணாடிக்கு ஆர்டர் கொடுக்கும் முன் இந்த அளவுகளை வைத்து ஒரு கணக்குப் போட்டிருக்க வேண்டும், போடவில்லை. மேல் தொட்டியில் 1 அங்குலம் தண்ணீர் என்றால் சுமார் பத்தரை லிட்டர், அது சம்ப்பில் இரண்டேகால் அங்குலம் ஏறும். கரண்ட் போனால் மோட்டார் நிற்கும், ஆனால் மேலே ஏற்றுகிற குழாயின் வாய் எவ்வளவு ஆழத்தில் மூழ்கியிருக்கிறதோ அதுவரை தண்ணீர் அதே குழாய் வழியாகத் திரும்பி இறங்கிக்கொண்டே இருக்கும். நான் வாயை 4 அங்குலம் உள்ளே விட்டிருந்தேன். மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்ட் நிறுத்திய நாளில் 42 லிட்டர் இறங்கியது, சம்ப்பில் இருந்த இடமோ 28 லிட்டருக்குத்தான். மிச்சம் ஒரு குடம் உப்புத்தண்ணீர் ஹாலில் ஓடி அம்மாவின் பீரோ காலில் நின்றது. அந்தத் துரு இன்னும் இருக்கிறது, பேச்சும் இருக்கிறது.

ஆகவே குழாயின் வாய் நீர்மட்டத்துக்கு அரை அங்குலம் கீழே இருந்தால் போதும். அதே குழாயில் நீர்மட்டத்தை ஒட்டி ஒரு சின்னத் துளையும் போடுங்கள், மட்டம் இறங்கியதும் அது காற்றை உறிஞ்சி ஓட்டத்தை அறுத்துவிடும். பாசி அடைக்கும், மாதம் ஒருமுறை பழைய டூத் பிரஷ் போட வேண்டும். தண்ணீரைத் திரும்பி வரவிடாத என்ஆர்வி வால்வு இருக்கிறதே என்பார்கள், அதை மட்டும் நம்பாதீர்கள், ஒரு குட்டி நத்தை மாட்டினாலே மூடாது. தண்ணீர் நிரப்புவதையும் தலைகீழாகச் செய்யுங்கள்: மோட்டாரை நிறுத்தி, மேலிருந்து இறங்க வேண்டியதெல்லாம் இறங்கிய பிறகு சம்ப்பை விளிம்புக்கு 1 அங்குலம் குறைவாக நிரப்புங்கள். அப்புறம் மோட்டாரைப் போட்டு, மட்டம் எங்கே நிற்கிறதோ அங்கே மார்க்கரில் கோடு. அந்தக் கோட்டைத் தாண்டி ஒரு டம்ளர்கூட ஊற்றக் கூடாது.

தண்ணீர் சம்ப்புக்கு இறங்க மேல் தொட்டியில் துளை போட வேண்டும். அந்தக் கண்ணாடி சாதாரணக் கண்ணாடிதானா, சூடேற்றிக் கடினமாக்கிய டஃபண்ட் கிளாஸா என்று கடைக்காரரிடம் இரண்டு முறை கேளுங்கள். டஃபண்ட் என்றால் டிரில் பட்டதும் நொறுங்கிவிடும். இரண்டு துளை போடுங்கள். ஒன்றில் வால்வு வைத்து ஓட்டத்தைச் சரிசெய்தால் குழாய் நிறையத் தண்ணீர் சத்தமில்லாமல் இறங்கும், இன்னொன்று கொஞ்சம் உயரத்தில், முதல் குழாய் அடைத்தால் மட்டும் வேலை செய்ய. ஹார்டுவேர் கடையில் பழக்க தோஷத்தில் பித்தளை வால்வை எடுத்து நீட்டுவார்கள், வாங்காதீர்கள். பித்தளையில் செம்பு இருக்கிறது, அது கரைந்தால் இறாலும் நத்தையும் பவளமும் செத்துப்போகும். யுபிவிசி வால்வு, பிளாஸ்டிக் டேங்க் நிப்பிள், பூஞ்சைத் தடுப்பு மருந்து கலக்காத சிலிக்கான், இவ்வளவுதான். சிலிக்கான் காய ஒரு வாரம் கொடுங்கள்.

சம்ப்புக்குள் மூன்று அறை. முதலில் தண்ணீர் விழும் இடம், வடிகட்டும் துணிப்பையும் ஸ்கிம்மரும் அங்கே. நடுவில் தண்ணீரில் கரைந்த கழிவை உறிஞ்சும் கீட்டோ பாசி, அதற்கு மட்டும் இரவில் விளக்கு. கடைசியில் மோட்டார், அதற்கு முன்னால் குமிழைத் தடுக்க மேலும் கீழுமாக மூன்று கண்ணாடித் தடுப்பு. மோட்டார் அட்டையில் போட்டிருக்கும் லிட்டர் கணக்கு உயரமே ஏற்றாதபோது கிடைப்பது, 4 அடி மேலே போனால் நிறையக் குறையும். மணிக்குத் தொட்டியின் அளவைப்போல நாலைந்து மடங்கு உண்மையில் வந்து விழுந்தால் போதும். பிளக் போர்டு சம்ப்பைவிட உயரத்தில் இருக்கட்டும், மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் இஎல்சிபி இல்லாத வீட்டில் இந்த வேலையையே தொடங்காதீர்கள்.

கத்திரி வெயிலில் தொட்டி மாற்றாதீர்கள், கார்த்திகை மார்கழிதான் தோது. சித்திரையில் இங்கே அறைக்குள்ளேயே 35 டிகிரி போகும், தொட்டிக்கோ 26 பக்கம் வேண்டும். மதுரைக் காற்று வறண்டது என்பதால் சம்ப் மேல் ஒரு சின்ன ஃபேன் வைத்தாலே இரண்டு மூன்று டிகிரி இறங்கும், மீதிக்குச் சில்லர் அல்லது ஏசி. ஃபேனுக்கு விலை உண்டு: எனக்கு நாளுக்கு 5 லிட்டர் ஆவியாகிறது. தண்ணீர் போகும், உப்பு போகாது, மூன்று நாள் விட்டால் ஆயிரத்துக்கு 35 பங்கு இருந்த உப்பளவு 37ஐத் தாண்டும். ஆவியானதற்கு ஈடாக ஊற்ற உப்பில்லாத நல்ல தண்ணீர்தான் வேண்டும். எங்கள் போர்வெல் தண்ணீரில் டிடிஎஸ், அதாவது கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, நாலு இலக்கம், சமையலறை ஆர்ஓ பல வீடுகளில் ருசிக்காகக் கொஞ்சம் வடிகட்டாத தண்ணீரையே கலந்துவிடும். மிச்ச உப்பையும் பிடித்துக்கொள்ளும் டிஐ ரெசின் சேர்த்து டிடிஎஸ் 0 வரும்வரை வடிகட்டுங்கள்.

தொட்டிக்குள் அடுக்கும் கல்லுக்காக ராமேஸ்வரம் கரையில் பை நிரப்ப வேண்டாம். கல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972இன் முதல் அட்டவணையில் இருக்கின்றன, செத்த துண்டும் சேர்த்தி. செராமிக் கல்லே போதும், காளான் பவளமும், பூப்போல விரியும் ஜோவாந்திட் என்ற கடலுயிரும் அதிலேயே ஒட்டி வளரும்.

மாற்றும் நாளில் பழைய கல்லைக் குழாய்த் தண்ணீரில் கழுவாதீர்கள், அதிலிருக்கும் பாக்டீரியாதான் உங்கள் ஃபில்டர். பழைய மணலைக் குப்பையில் போடுங்கள், கிளறினால் அடியில் இருக்கும் நஞ்செல்லாம் மேலே வரும். பாதி பழைய தண்ணீர், பாதி முந்தின நாளே கலக்கி மோட்டார் ஓடவிட்ட புதுத் தண்ணீர். இரண்டு வாரம் தினமும் தண்ணீரில் அம்மோனியா அளவைச் சோதித்துப் பாருங்கள். மீனை விடுவதற்கு முன், வீட்டில் எல்லோரும் விழித்திருக்கும் நேரமாகப் பார்த்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு அரை மணி நேரம் சம்ப் பக்கத்தில் துணியோடு உட்காருங்கள். நான் மூன்று முறை உட்கார்ந்தேன், மூன்றாவது முறை அம்மாவும் வந்து பார்த்தார்.