கண்ணகி வழக்குரையை ஆய்வுக்கு எடுக்கப் போகிறீர்களா?

"மட்டக்களப்பில் கண்ணகி வழிபாடு" என்று ஒரு தலைப்பைத் தூக்கிக்கொண்டு மேற்பார்வையாளரிடம் போகாதீர்கள், அதில் பத்துப் பேர் ஆய்வு செய்யலாம். ஒரு பனுவல், ஒரு ஊர், ஒரு கேள்வி, முதுகலைமாணிக்கு அது தாராளம்.

மட்டக்களப்புக் கண்ணகி அம்மன் கோயில்களில் பாடப்படும் காவியமான கண்ணகி வழக்குரையையே பாருங்கள். சிலப்பதிகாரம் படித்துவிட்டு வருகிறவர் அதன் கடலோட்டு காதையில் திகைத்து நின்றுவிடுவார், ஏனென்றால் சிலம்புக்கு நாகமணி தேடி மீகாமன் என்ற கப்பல் தலைவன் கப்பலேறி ஈழத்துக்கு வந்து வெடியரசன் என்ற மன்னனோடு சண்டை பிடிக்கிறான், இளங்கோவிடம் இது கிடையவே கிடையாது. இந்தக் கதை ஏன் இங்கே வேண்டியிருந்தது, நீங்கள் எடுத்த ஊரில் இதை விரித்துப் பாடுகிறார்களா சுருக்குகிறார்களா? கேள்வி இப்படிப் பிறக்க வேண்டும். குளிர்ச்சிக் காதையும் அப்படித்தான். மதுரையை எரித்த கோபத்தை ஆற்றும் பாட்டு அது, கோயிலில் சடங்கு முடிவதும் அம்மனைக் குளிர்விக்கும் குளிர்த்தியோடுதான். ஏட்டை மட்டும் வைத்துக்கொண்டு இந்தக் காதையைப் பற்றி எழுதினால் பாதிதான் எழுதியதாகும்.

முதலில் வி. சீ. கந்தையா பதிப்பித்த வழக்குரையை முழுதாக வாசியுங்கள், கூடவே அவருடைய 1964ஆம் ஆண்டு நூலான 'மட்டக்களப்புத் தமிழக'த்தையும். பழைய நூல்கள், சஞ்சிகைகள், கோயில் மலர்கள் நிறைய 'நூலகம்' என்ற இணையத்தளத்தில் இலவசமாக இருக்கின்றன, அங்கே தேடாமல் கிடைக்கவில்லை என்று சொல்ல வேண்டாம். வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகம், ஒலுவிலிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகம் ஆகியவற்றின் நூலகங்களில் உங்களுக்கு முன்னால் செய்தவர்களின் ஆய்வேடுகளையும் கேட்டுப் பாருங்கள்.

அப்புறம் காலம். பல கண்ணகி அம்மன் கோயில்களில் வைகாசிச் சடங்குக்குத்தான் கதவு திறப்பார்கள். முன்மொழிவை ஆனியில் கொடுத்தீர்களென்றால் களப்பணிக்கு அடுத்த வைகாசி வரை காத்திருக்க வேண்டும், அதனால் மாசிக்குள்ளேயே கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கரையும் பூசை செய்யும் கப்புகனாரையும் போய்ப் பாருங்கள். ஃபோனை நீட்டுவதற்கு முன் எதைப் பதியலாம், எதைப் பதியக்கூடாது என்று கேளுங்கள், வேண்டாமென்றால் வேண்டாம்தான். பாட்டை மட்டும் பதியாமல் யார் எந்த இடத்தில் குரவையிட்டார்கள், யாருக்கு உரு வந்தது (சாமி வந்து ஆடியது) என்பதையும் அன்றிரவே கொப்பியில் எழுதி வையுங்கள், விடிந்தால் பாதி மறந்துபோகும்.

எழுத்தில் பெயர்க்கும்போது பாடியவர் சொன்னபடியே எழுதுங்கள். அச்சுப் பதிப்போடு ஒத்துவரவில்லை என்று திருத்துவது பெரிய தவறு, அந்த வேறுபாட்டில்தான் உங்கள் ஆய்வே இருக்கிறது.

கூத்தை ஆய்வுக்கு எடுப்பவர்களுக்கும் இதே வழிதான், அரங்கேற்றத்துக்கு மட்டும் போகாமல் பழகும் நாட்களிலேயே ஆடுகளமான களரிக்குப் போய், கூத்தைப் பழக்கும் அண்ணாவியாரின் கொப்பியையும் ஆடுபவர் பாடுவதையும் ஒப்பிடுங்கள்.

ஆய்வேடு முடிந்ததும் ஒலிப்பதிவில் ஒரு பிரதி பாடியவருக்கு, இன்னொன்று கோயிலுக்கு. பல்கலைக்கழகத்துக்குக் கொடுக்கும் அதே வாரத்தில் கொடுத்துவிடுங்கள்.